எஞ்சினா, வேறு ஏதாவதா? எளிய கருவிகளோடு ஒரு காரின் குதிரைத்திறனையும் டார்க்கையும் கணக்கிட்ட நிகழ்வு ஆய்வு

1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், முன்சக்கர இயக்கம். தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு: 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) 83 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), 4200 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). கார் நண்பருடையது. "ஐந்தாம் கியரில் மேட்டைப் பார்த்தாலே திணறுது, பெட்ரோலும் கூடக் குடிக்குது, எஞ்சின் தேய்ந்துபோச்சுன்னு நினைக்கிறேன்" என்பது அவருடைய புகார். எஞ்சினைப் பிரிக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தார்.

கையில் ஒரு கணக்கும் வைத்திருந்தார். 0 முதல் 100 கிமீ வேகம் வரை 13.5 வினாடி ஆகிறது. காரின் எடை 1090 கிலோ. 100 கிமீ வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 421 கிலோஜூல். அதை 13.5-ஆல் வகுத்தால் 31 கிலோவாட், அதாவது 42 பிஎஸ். "83 எங்கே, 42 எங்கே? பாதி எஞ்சின் காணோம்" என்றார்.

கணக்குப் போட்டதில் பிழை இல்லை. ஆனால் அது பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. 31 கிலோவாட் என்பது அந்த 13.5 வினாடியின் சராசரி, அதுவும் காரின் வேகத்தைக் கூட்டுவதற்கு மட்டும் போன பங்கு. கிளட்ச் வழுக்கிய நேரம், கியர் மாற்றிய நேரம், எஞ்சின் 2500 ஆர்பிஎம்மில் சும்மா இழுத்துக்கொண்டிருந்த நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். காற்றையும் டயர் உருளலையும் எதிர்த்துச் செலவான திறன் அதில் சேரவே இல்லை. உச்சத் திறன் வேண்டுமென்றால் ஒரே கியரில், ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் அந்த நொடிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கால் மைல் ஓட்ட நேரத்தையும் எடையையும் கொடுத்தால் குதிரைத்திறன் தரும் சூத்திரங்களும் உண்டு. அவை பந்தயத் தடத்தில் கிடைத்த அனுபவத்திலிருந்து வடித்தவை. இரண்டு கார்களை ஒப்பிட உதவும், ஒரு காரின் நோயைக் கண்டுபிடிக்க உதவாது.

அடிப்படை ஒரு வரிதான்

சக்கரத்தில் கிடைக்கும் விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். அந்த விசை இரண்டு வேலை செய்கிறது: காரை முடுக்குகிறது, எதிர்ப்புகளை வெல்கிறது. முடுக்கத்தை நிறையால் பெருக்கினால் முதல் பங்கு. காரை நியூட்ரலில் உருளவிட்டு எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று பார்த்தால் இரண்டாவது பங்கு. இரண்டையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் சக்கரத்துக்கு வந்த திறன் வாட்டில் கிடைக்கும். 735.5-ஆல் வகுத்தால் பிஎஸ், 745.7-ஆல் வகுத்தால் ஆங்கிலேயக் குதிரைத்திறன். விளம்பரங்களில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதால் 1.4 சதவீதம் எங்கேயோ காணாமல் போகும்.

டார்க்கைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. கிலோவாட்டை 9549-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் நியூட்டன் மீட்டர் வந்துவிடும். சக்கரத்தில் உள்ள டார்க் கியருக்குக் கியர் மாறும். திறன் மாறாது. அதனால்தான் திறனைப் பிடித்துக்கொண்டு டார்க்குக்குப் போவது பாதுகாப்பான வழி.

கருவிகள்

ஓபிடி இணைப்பில் (காரின் கணினித் தரவைப் படிக்கும் சொருகி) செருகும் சிறிய அடாப்டர், ஒரு கைபேசி, ஒரு எடை மேடைச் சீட்டு, டயர் காற்று அளவி, பிற்பாடு ஓர் அகச்சிவப்பு வெப்பமானி. அவ்வளவுதான். ஆனால் இவற்றில் எதை எதற்கு நம்புவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கைபேசியின் முடுக்க உணரியை நாங்கள் தொடவில்லை. கார் வேகமெடுக்கும்போது மூக்கு சற்று மேலே தூக்கும். ஒரே ஒரு டிகிரி சாய்வு போதும், புவியீர்ப்பின் ஒரு பங்கு 0.17 மீட்டர்/வினாடி² அளவுக்கு முடுக்கமாகத் தெரியும். நாம் அளக்கப்போவதே 2-க்குக் கீழே உள்ள எண். ஏறக்குறைய 9 சதவீதப் பொய் அங்கேயே நுழைந்துவிடும்.

டாஷ்போர்டு வேகமானியும் வேண்டாம். அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதி. கூட்டிக் காட்ட மட்டுமே அனுமதி. ஓபிடி தரும் வேகமோ 1 கிமீ படிகளில் தாவும். அதை வைத்து முடுக்கம் எடுத்தால் வரைபடம் ரம்பப் பல் போல இருக்கும்.

நம்பத் தகுந்தது ஓபிடி தரும் ஆர்பிஎம். கால் ஆர்பிஎம் நுணுக்கத்தில் வருகிறது. ஒரே கியரில், கிளட்ச் வழுக்காமல் இருந்தால், ஆர்பிஎம்மும் வேகமும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. அந்தப் பூட்டின் எண்ணை மட்டும் ஜிபிஎஸ்ஸில் பிடிக்க வேண்டும்: சீரான வேகத்தில் ஓட்டியபோது இரண்டாம் கியரில் 3000 ஆர்பிஎம்முக்கு 40.8 கிமீ, மூன்றாம் கியரில் 60.7 கிமீ. 3000 ஆர்பிஎம் என்பது வினாடிக்கு 314.2 ரேடியன் (ஒரு முழுச் சுற்று 6.28 ரேடியன்). 40.8 கிமீ என்பது வினாடிக்கு 11.33 மீட்டர். வகுத்தால் இரண்டாம் கியருக்கு 27.7, மூன்றாம் கியருக்கு 18.63. கார் ஒரு மீட்டர் நகர எஞ்சின் எத்தனை ரேடியன் சுற்றுகிறது என்பதே இந்த எண். இது கிடைத்துவிட்டால் கியர் விகிதம், இறுதி விகிதம், டயர் ஆரம் எதையும் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. தேய்ந்த டயரின் ஆரமும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

எடையைப் பொறுத்தவரை கையேட்டில் இருப்பது 945 கிலோ. எடை மேடையில், இரண்டு பேரும் பெட்ரோலும் சேர்த்து, 1090. கையேட்டு எண்ணைப் போட்டிருந்தால் முடுக்கத்துக்குப் போகும் பங்கு 13 சதவீதம் குறைந்திருக்கும். இதைவிட மலிவாகத் துல்லியத்தைக் கூட்டும் வழி வேறு இல்லை.

உருளவிட்டுப் பார்த்தது

போக்குவரத்து இல்லாத, நேரான, தட்டையான தனிச்சாலை. மாலையில் காற்று அடங்கிய பிறகு. நீண்ட தூரம் ஓட்டி டயர், கியர்பாக்ஸ் எண்ணெய் எல்லாம் சூடான நிலையில். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்ப்பார், பதிவை மற்றவர் கவனிப்பார். நியூட்ரலில் உருளும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும், சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

80-லிருந்து 60 கிமீ வரை இறங்க ஒரு திசையில் 14.4 வினாடி, எதிர்த் திசையில் 18 வினாடி. கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த அந்தச் சாலையில் 0.4 சதவீதச் சரிவு இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. நேரங்களைச் சராசரி எடுக்கக் கூடாது, தளர்ச்சிகளைச் (வினாடிக்கு வேகம் குறையும் அளவுகளை) சராசரி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 16 வினாடிக்குச் சமமான 0.347 மீட்டர்/வினாடி². அதேபோல 40-லிருந்து 20 வரை இறங்கியதில் ஒரு திசைக்கு 20.1, மறு திசைக்கு 27.8, சரிவு நீங்கிய மதிப்பு 23.3 வினாடி.

இதை விசையாக்க நிறை வேண்டும். உருளும் காரில் சக்கரங்களும் சுழல்கின்றன. டயரோடு சேர்த்து ஒவ்வொன்றும் 15 கிலோ இருக்கலாம், எடையில் பெரும்பகுதி விளிம்பை ஒட்டியது. நான்கும் சேர்ந்து சுமார் 35 கிலோ கூடுதல் நிறை போலச் செயல்படும். ஆக 1125 கிலோ. உயர்வேகப் பகுதியில் 391 நியூட்டன், தாழ்வேகப் பகுதியில் 268 நியூட்டன்.

எதிர்ப்பில் ஒரு பகுதி வேகம் எதுவானாலும் ஏறக்குறைய மாறாது, இன்னொரு பகுதி வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். இரண்டு அளவுகள், இரண்டு அறியாதவை. தீர்த்தால் மாறாத பகுதி 240 நியூட்டன். வர்க்கத்தோடு வரும் பகுதியின் குணகம் 0.40.

இங்கேதான் இருவரும் நின்றோம். 0.40 என்பது இந்த அளவுக் காருக்கு இயல்பான காற்றெதிர்ப்பு. ஆனால் 240? காரின் எடை விசை 10,693 நியூட்டன். வகுத்தால் 0.0224. நல்ல தார்ச்சாலையில் சாதாரணக் கார் டயருக்கு இது 0.010-லிருந்து 0.015 வரை இருக்க வேண்டும், அதாவது 107 முதல் 160 நியூட்டனுக்குள். எஞ்சினைத் தொடாமலேயே, நியூட்ரலில் உருளும்போதே, ஏதோ ஒன்று காரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

நண்பர் உடனே கீழே படுத்துப் பார்க்கக் கிளம்பினார். நான் தடுத்தேன். சரிசெய்துவிட்டு அளந்தால் எஞ்சின் நலமாக இருந்ததா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. நோயுள்ள நிலையில் எஞ்சினின் திறனை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் சரிசெய்து, மறுபடி எடுக்க வேண்டும். முறை சரியானது என்றால் எதிர்ப்பு மாறினாலும் எஞ்சினின் எண் மாறக் கூடாது. முறையையே சோதிக்க இப்படி ஒரு வாய்ப்பு தானாக அமைவது அரிது.

எஞ்சினை அளந்தது

இரண்டாம் கியரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: 6000 ஆர்பிஎம் தொடும்போது வேகம் 82 கிமீதான். மூன்றாம் கியரில் அதே ஆர்பிஎம்முக்கு 121 கிமீ போக வேண்டும். குதிரைத்திறன் தெரிந்துகொள்வதற்காக அந்த வேகத்தில் போவது தேவையில்லாத வேலை. 2000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி 6000 வரை. இரு திசைகளிலும் பல ஓட்டங்கள். ஏசி அணைந்திருந்தது.

அடாப்டர் வினாடிக்கு நான்கைந்து முறைதான் ஆர்பிஎம் தருகிறது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைக் கழித்து முடுக்கம் எடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு ஆர்பிஎம்மைச் சுற்றியும் ஒரு ஜன்னல் வைத்தோம். 3500-க்கு 3250-லிருந்து 3750 வரை எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, எல்லா ஓட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, நடுமதிப்பை எடுத்தோம். 3500-ல் 1.95, 4200-லும் 1.95, 5800-ல் 1.60 மீட்டர்/வினாடி².

அடுத்த சிக்கல்தான் வீட்டுக் கணக்குகளில் பலர் கவனிக்காமல் விடுவது. கார் முடுக்கும்போது எஞ்சினின் ஃப்ளைவீலும் (கனமான சுழல்சக்கரம்) கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சேர்ந்து முடுக்கப்பட வேண்டும். அதற்கும் திறன் செலவாகிறது. தாழ்ந்த கியரில் இந்தச் செலவு மிக அதிகம், ஏனென்றால் கார் சிறிது வேகமெடுக்க எஞ்சின் நிறைய வேகமெடுக்கிறது. வாகன இயக்கவியலில் இதற்கு ஓர் அனுபவச் சூத்திரம் உண்டு: மொத்தக் கியர் விகிதத்தின் வர்க்கத்தை 0.0025-ஆல் பெருக்கி 1.04-உடன் கூட்டு, அதை நிறையோடு பெருக்கு. இந்தக் காரின் இரண்டாம் கியரில் மொத்த விகிதம் சுமார் 8.17. சூத்திரம் 1.21 தருகிறது. அதாவது 1090 கிலோ கார் 1316 கிலோ போல நடந்துகொள்ள வேண்டும்.

சிறிய, இலகுவான எஞ்சினுக்கு இது அதிகம் என்று எனக்குப் பட்டது. பட்டது என்பதற்காக ஒரு எண்ணை மாற்ற முடியாது, அளந்தாக வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: மூன்றாம் கியரில் ஓர் ஓட்டம். 3500 ஆர்பிஎம்மில் முழு அழுத்தத்தில் எஞ்சின் தரும் டார்க் எந்தக் கியர் என்று பார்ப்பதில்லை. இரண்டாம் கியரில் 1.95, மூன்றாம் கியரில் அதே 3500-ல் 1.22 வந்தது. எஞ்சினின் சுழல் நிலைமத்தை (சுழலும் பாகங்கள் வேக மாற்றத்தை எதிர்க்கும் அளவு) கணக்கில் சேர்க்காமல் டார்க் போட்டால் இரண்டாம் கியர் 90.4 என்கிறது, மூன்றாம் கியர் 94.8 என்கிறது. ஒரே எஞ்சினுக்கு இரண்டு டார்க் இருக்க முடியாது. அந்த இடைவெளியை மூடும் நிலைமம் எது என்று தீர்த்தால் 0.14 கிலோ மீட்டர்². அதைப் போட்டால் இரண்டு கியரும், கியர்பாக்ஸ் இழப்பைச் சேர்க்கும் முன், 98 நியூட்டன் மீட்டரில் வந்து சேர்கின்றன.

இந்த 0.14-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் கியர் முடுக்கத்தில் 1 சதவீதம் பிசகினால் இது ஆறில் ஒரு பங்கு ஆடும். ஆனால் இறுதி டார்க்கில் அதன் தாக்கம் 1.3 நியூட்டன் மீட்டர் அளவுதான். இரண்டாம் கியரில் 0.14 என்பது 107 கிலோ கூடுதல் நிறைக்குச் சமம். ஆக 1232 கிலோ. சூத்திரம் சொன்ன 1316-ஐ எடுத்திருந்தால் எஞ்சினுக்கு 6 சதவீதம் இலவசமாகச் சேர்ந்திருக்கும். இணையத்தில் "ஏர் ஃபில்டர் மாற்றினேன், 5 குதிரை கூடியது" என்று எழுதுபவர்களில் எத்தனை பேர் இந்த எண்ணைச் சரிபார்த்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது 5800 ஆர்பிஎம். வேகம் வினாடிக்கு 21.93 மீட்டர். 1232-ஐ 1.60-ஆல் பெருக்கினால் 1971 நியூட்டன். எதிர்ப்பு 240-உடன் காற்றின் 192 சேர்ந்து 432. மொத்தம் 2403 நியூட்டன். வேகத்தால் பெருக்கினால் சக்கரத்தில் 52.7 கிலோவாட்.

சக்கரத்திலிருந்து எஞ்சினுக்கு

கியர்பாக்ஸும் இறுதி இயக்கமும் ஒரு பங்கைத் தின்னும். எவ்வளவு? எங்கு கேட்டாலும் 15 சதவீதம் என்பார்கள். குறுக்காக வைத்த எஞ்சின், சாய்பல் கியர்கள், முன்சக்கர இயக்கம் என்ற அமைப்பில், செங்கோணத்தில் திசை திருப்பும் பின் அச்சு கியர் இல்லாததால், இழப்பு அதைவிடக் குறைவு. நான் 8 சதவீதம் எடுத்தேன். 5 என்றும் 12 என்றும் வாதாடலாம், இரண்டுக்கும் நியாயம் உண்டு. நியூட்ரலில் உருளும்போதே கியர்பாக்ஸ் உராய்வில் சிறு பகுதி எதிர்ப்பில் சேர்ந்துவிடுவதால் குறைந்த பக்கம் சாய்வதே சரி என்பது என் எண்ணம். ஒன்று மட்டும் செய்யக் கூடாது: விளம்பரத்தில் இருக்கும் 83 வரும்வரை இந்தச் சதவீதத்தைத் திருகுவது. அப்படிச் செய்பவர் அளப்பது எஞ்சினை அல்ல, விளம்பரத்தை.

8 சதவீதத்தோடு எஞ்சினில் 57.3 கிலோவாட், அதாவது 77.9 பிஎஸ்.

அன்றைய வெப்பம் 34 டிகிரி. காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல். ஈரப்பதத்தின் பங்கு சுமார் 3 போக உலர் அழுத்தம் 97. தயாரிப்பாளர் எண்கள் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர் அழுத்தத்துக்குச் சொல்லப்படுபவை. எஞ்சின் திறன் அளவீட்டுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 1585 தரும் திருத்தம் பெட்ரோல் எஞ்சினுக்கு இப்படி: 99-ஐ உலர் அழுத்தத்தால் வகுத்து 1.2 அடுக்கு, கெல்வின் வெப்பநிலையை 298-ஆல் வகுத்து 0.6 அடுக்கு, இரண்டையும் பெருக்கு. இங்கே 1.043. (டர்போ உள்ள காருக்கு இதை அப்படியே போட்டால் கூடுதலாகக் கொடுத்துவிடும். டர்போ தானே காற்றழுத்தக் குறைவில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகிறது.)

திருத்திய பின் உச்சத் திறன் 59.8 கிலோவாட், 81 பிஎஸ். டார்க் 3500-ல் 111, 4200-ல் 112 நியூட்டன் மீட்டர். தயாரிப்பாளர் சொல்வது 83-ம் 113-ம். கியர்பாக்ஸ் இழப்பின் ஐயத்தை மட்டும் சேர்த்தாலே நம் எண்ணில் 3 பிஎஸ் மேலே கீழே ஆடும். ஆகவே எஞ்சின் தேய்ந்திருக்கிறது என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை.

உருளவிட்டுப் பார்க்காமல், டயர் எதிர்ப்புக்கு 0.012 என்று புத்தக எண்ணைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்ப்பில் 112 நியூட்டன் குறைந்திருக்கும். இதே ஓட்டங்கள் 77.5 பிஎஸ் என்று சொல்லியிருக்கும். "பாருங்கள், எஞ்சின் இறங்கிவிட்டது" என்ற முடிவுக்கு அது போதும்.

காற்றின் வழியே ஒரு சரிபார்ப்பு

காரில் காற்றோட்ட உணரி (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) இருப்பதால், முற்றிலும் வேறு பாதையில் ஒருமுறை பார்க்க முடிந்தது. 5800-ல் அது வினாடிக்கு 58 கிராம் காட்டியது. முழு அழுத்தத்தில் கலவை செறிவாகும், 12.8 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று வைத்தால் வினாடிக்கு 4.53 கிராம், மணிக்கு 16.3 கிலோ. இப்படிப்பட்ட எஞ்சின் முழுச்சுமையில் ஒரு கிலோவாட் மணிக்கு 270 முதல் 310 கிராம் பெட்ரோல் எரிக்கும். வகுத்தால் 53 முதல் 60 கிலோவாட். சாலையில் வந்த 57.3 அதற்குள் அடங்குகிறது.

இந்த வழியின் வலை அகலமானது. தனியாக இதை நம்பி எண் சொல்ல மாட்டேன். ஆனால் நோயறிய உதவும். சாலையில் திறன் குறைந்து காற்றோட்டமும் குறைந்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறல்: ஃபில்டர், த்ராட்டில், அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். காற்று சரியாகப் போய்த் திறன் மட்டும் குறைந்தால் தீப்பொறி, எரிபொருள் பக்கம் பார்க்க வேண்டும். கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம்முக்கும் ஜிபிஎஸ் வேகத்துக்கும் உள்ள பூட்டே கழன்றுவிடும். காற்றோட்ட உணரி இல்லாமல் உள்ளிழுப்பு அழுத்த உணரி மட்டும் இருக்கும் கார்களில் இந்த வழி பெரிய பயன் தராது. சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்பதை நாமே ஊகித்துப் போட வேண்டியிருக்கும், விடையே அந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

பிடித்து இழுத்தது எது

ஒன்றை மாற்றி, அளந்து, அப்புறம் அடுத்ததை மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம். முதலில் டயர். நான்கிலும் காற்று குறைவு. ஆறிய நிலையில் கதவு ஓரத்து ஒட்டியில் உள்ள அளவுக்கு நிரப்பினோம். மறுபடி சூடாக்கி உருளவிட்டதில் 40-லிருந்து 20 வரையிலான நேரம் 23.3-லிருந்து 25.4 வினாடி ஆனது. மாறாத எதிர்ப்பு 240-லிருந்து 218. முன்னேற்றம்தான், ஆனால் குற்றவாளி இன்னும் உள்ளே இருக்கிறான்.

அடுத்து, பிரேக்கை அநேகமாகத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, மெல்ல உருண்டு நின்று, நான்கு சக்கர ரிம்மிலும் கை வைக்காமல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினோம். பளபளப்பான டிஸ்க்கில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். நான்கு ரிம்களின் ஒரே இடத்தை ஒப்பிடுவது நல்லது. மூன்று சக்கரங்கள் ஒன்றுபோல இருந்தன. இடது முன்சக்கரம் ஒன்று மட்டும் கொதித்தது.

மெக்கானிக் கழற்றியபோது காலிப்பரின் (பேட்களை டிஸ்க்கின் மீது அழுத்தும் பிடி) ஸ்லைடு பின் (அது நகர வழிவிடும் கம்பி) ஒன்று துருவேறி இறுகியிருந்தது, அதை மூடும் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தது. பிஸ்டன் நன்றாகவே பின்வாங்கியது. காலிப்பர் நகர முடியாததால் வெளிப் பக்கத்துப் பேட் டிஸ்க்கை விடவே இல்லை. அந்தப் பேட் உள்பக்கத்ததைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தது. பின்னைச் சுத்தம் செய்து, அதற்கான வெப்பம் தாங்கும் கிரீஸ் போட்டு, உறைகளையும் பேட்களையும் இரு பக்கமும் மாற்றினார்.

1821-இல் கஸ்பார் டி ப்ரோனி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், சுழலும் தண்டைப் பிரேக்கால் இறுக்கிப் பிடித்து எஞ்சினின் திறனை அளக்கும் கருவியை உருவாக்கினார். இந்தக் காரின் இடது முன்சக்கரத்தில் யாரும் கேட்காமலே ஒரு ப்ரோனி பிரேக் பொருத்தப்பட்டிருந்தது, அளவுகோல் மட்டும் இல்லை.

மறுபடி அளந்தபோது

புதிய பேட்கள் படியும் வரை விட்டு, அதே சாலையில், ஏறக்குறைய அதே வெப்பத்தில் மறுபடி உருளவிட்டோம். 40-லிருந்து 20 வரை 38.6 வினாடி. 80-லிருந்து 60 வரை 21.9. மாறாத எதிர்ப்பு 134 நியூட்டன், டயர் எண்ணாகச் சொன்னால் 0.0125. அந்த ஒரு பிரேக் 84 நியூட்டன் பிடித்திருக்கிறது. 80 கிமீ வேகத்தில் அது 1.9 கிலோவாட் வெப்பம்: ஒரு மின்கெட்டிலைச் சக்கரத்துக்குள் கொதிக்கவிட்டபடியே ஓட்டியது போல.

பிறகு இரண்டாம் கியர் ஓட்டங்கள். 5800-ல் முடுக்கம் 1.60-லிருந்து 1.68 ஆகியிருந்தது. கார் வேகமாகிவிட்டது. எஞ்சின்? 1232-ஐ 1.68-ஆல் பெருக்கி, குறைந்துவிட்ட எதிர்ப்பு 326-ஐக் கூட்டினால் 2396 நியூட்டன், சக்கரத்தில் 52.5 கிலோவாட். முன்பு 52.7. அரை சதவீதத்துக்குள். எதிர்ப்பு 106 நியூட்டன் மாறிய பிறகும் எஞ்சினின் எண் அசையவில்லை. 81 பிஎஸ் என்ற எண்ணை எத்தனை நம்பலாம் என்று கேட்டால், தனி எண்ணாக எடுத்தால் 3 அல்லது 4 பிஎஸ் ஐயத்தோடு. ஆனால் இதே காரை இதே முறையில் முன்னும் பின்னும் ஒப்பிட, கியர்பாக்ஸ் இழப்பும் நிலைமமும் இரு பக்கமும் ஒன்றேயாக இருப்பதால், ஒன்றிரண்டு சதவீத மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடலாம்.

இரண்டாம் கியரில் 5 சதவீதம் மட்டுமே மாறிய ஒன்று ஓட்டுபவருக்கு "எஞ்சினே போச்சு" என்று தோன்றக் காரணம் ஐந்தாம் கியர். 80 கிமீயில் அங்கே எஞ்சின் 2350 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. முழுதாக அழுத்தினால் சக்கரத்தில் கிடைப்பது ஏறக்குறைய 1000 நியூட்டன்தான். முன்பு அதில் 438 எதிர்ப்புக்கே போய், மேடு ஏறவும் முந்தவும் மிஞ்சியது 560. இப்போது 332 போக 670 மிஞ்சுகிறது. கையிருப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. பெட்ரோல் கணக்குக்கும் இதுவே விளக்கம்: சீராக 80-ல் போக வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது.

இந்த முறை எல்லா வண்டிக்கும் அப்படியே பொருந்தாது. டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியே திறனைக் கடத்தும் இணைப்பு) உள்ள ஆட்டோமேட்டிக்கில் பூட்டு விழாத நேரம் ஆர்பிஎம்மும் வேகமும் தனித்தனியே போகும். அங்கே நல்ல, வினாடிக்குப் பத்து முறை பதியும் ஜிபிஎஸ் வேண்டும். சிவிடியிலும் (படிகள் இல்லாமல் விகிதம் மாறும் கியர்பாக்ஸ்) அதே கதை. இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவர் குனிவதும் நிமிர்வதுமே காற்றெதிர்ப்பை மாற்றிவிடும் என்பதால், உருளும்போதும் முடுக்கும்போதும் ஒரே நிலையில் உட்கார வேண்டும்.

83-க்கும் 81-க்கும் இடையே உள்ள அந்த 2 குதிரையை நாங்கள் துரத்தவில்லை. 38.6 வினாடி என்ற எண்ணை மட்டும் நண்பர் சர்வீஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். டயரில் காற்று சரியாக இருந்து, அதே சாலையில் அது 35-க்குக் கீழே வந்தால் முதலில் சக்கரங்களில் வெப்பமானியைக் காட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.